ஐந்தருவியில் எடுத்த வீடியோ

மருந்துக்கடையில் வேலை பார்ப்பவளுக்கு அருவருப்பு சீக்கிரம் மரத்துப்போய்விடும். எனக்கும் மரத்துத்தான் போயிருந்தது. சீழ் பிடித்த காலை கல்லா மேஜைக்கு நேராகத் தூக்கிக் காட்டுகிறவர்களையும், குழந்தை வாந்தி எடுத்த துணியோடு அப்படியே ஓடி வருகிறவர்களையும் பார்த்துப் பார்த்துப் பழகியவள் நான். முகம் சுளிக்காமல் மருந்தை எடுத்துக் கொடுத்து, எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்லி அனுப்புவேன். செல்போன் வந்த பிறகுதான் மறுபடியும் எனக்கு முகம் சுளிக்கத் தொடங்கியது.

முன்பெல்லாம் டாக்டர் சீட்டைக் கொண்டு வருவார்கள். இப்போது போனை நீட்டுகிறார்கள். யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய மாத்திரை அட்டையின் படம் அதில் இருக்கும். எழுத்து தெரியவில்லையே என்று நான் விரலால் பெரிதாக்கப் பார்த்தால் படம் நகர்ந்து அடுத்த படம் வந்து நிற்கும். ஒருவர் அப்படித்தான் தன் அப்பாவுக்கு மாத்திரை வாங்க வந்தார். அட்டைக்கு அடுத்த படத்தில் அந்தப் பெரியவர் மூக்கில் குழாயோடு வாய் பிளந்து படுத்திருந்தார். அதற்கு அடுத்தது இலை நிறையப் பிரியாணி. அதற்கும் அடுத்ததைப் பார்க்க வேண்டாம் என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் ஒன்றும் கூச்சப்படவில்லை. "சாரிக்கா, எல்லாம் ஒண்ணாக் கெடக்கு" என்றார். எல்லாம் ஒன்றாகத்தான் கிடக்கிறது. எனக்குத்தான் அது பழகவில்லை.

என்னிடம் இருக்கும் போன் மகள் வாங்கிக் கொடுத்தது. கோயம்புத்தூரிலிருந்து விடுமுறைக்கு வந்தவள், ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து அதில் என்னென்னவோ ஆப்களை ஏற்றிவிட்டுப் போனாள். கேஸ் சிலிண்டர் பதிவதற்கு ஒன்று, கரண்ட் பில் கட்டுவதற்கு ஒன்று, எவ்வளவு நடக்கிறேன் என்று பார்த்துச் சொல்வதற்கு ஒன்று. காலையிலிருந்து கடையில் நின்றபடியே வேலை பார்த்துவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் அப்பாடா என்று ஸ்டூலில் உட்காருவேன். அப்போது அது மணி அடித்து, 'எழுந்து கொஞ்சம் நடக்கலாமே' என்று எழுதிக் காட்டும். யாருக்கு வரும் பொறுமை? அதை மட்டும் முதல் வாரமே அழித்துவிட்டேன். குட்டி குட்டி வீடியோ வரும் ஆப்பை வைத்துக்கொண்டேன். கோலம் வரும், சொதி வைப்பது வரும், ரவிக்கை வெட்டுவது வரும். சாப்பிடும்போது பார்ப்பேன். நன்றாகத்தான் இருந்தது.

என் நாத்தனார், அதாவது என் வீட்டுக்காரரின் தங்கை, ராயகிரியில் இருக்கிறாள். அவர்களுக்கு வயல் இருக்கிறது. நாற்று நடுவதில் இருந்து நெல்லை மூட்டை கட்டுவது வரை அவள்தான் முன்னால் நிற்பாள். நல்ல கனத்த உடம்பு. சிறுவயதிலிருந்தே அப்படித்தான். சிரித்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். முழங்கால் வலி அதிகமாகிவிட்டது என்று சாரல் சமயத்தில் ஒருநாள் நாங்கள் இருக்கும் தென்காசிக்கு எலும்பு டாக்டரைப் பார்க்க வந்தாள். நான் கடையில் அரைநாள் லீவு போட்டுவிட்டு அவளோடு போனேன். டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னார். வெளியே வந்ததும், "மைனி, குறைக்கச் சொல்லுத டாக்டருக்கு என்னைய விடப் பெரிய தொந்தி, பாத்தியா?" என்று சொல்லி அங்கேயே சிரித்தாள்.

வானம் மூடி, பூத்தூறலாகப் போட்டுக்கொண்டிருந்தது. மலைப்பக்கமிருந்து குளிர்ந்த காற்று. இவ்வளவு தூரம் வந்துவிட்டு அருவியில் குளிக்காமல் போவதா என்று அவளுக்கு ஆசை. வருஷக்கணக்காகக் குற்றாலத்துக்கு வரவில்லையாம். சாரல் விழுகிற மாதங்களில்தான் வயலில் வேலை குவியும். வீட்டுக்குப் போய் எனக்கும் அவளுக்கும் மாற்றுத்துணி எடுத்துக்கொண்டு ஐந்தருவிக்குப் போனோம்.

கூட்டம் இருந்தது. பெண்கள் பக்கத்தில் வரிசை நகர்ந்து நகர்ந்து எங்கள் முறை வந்தது. எங்களுக்கு முன்னால் நின்ற ஓர் இளம்பெண் குளித்துவிட்டு வெளியே வந்து, "அக்கா, துண்டு மறந்துட்டேன், தல தொவட்டிட்டுத் தாரேன்" என்று கேட்டாள். என்னுடையதைக் கொடுத்தேன். கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போன் தொங்கியது. நனையாமல் இருக்க எல்லோரும் அப்படித்தான் தொங்கவிட்டுக்கொள்கிறார்கள். நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

நாத்தனார் தண்ணீருக்குள் போனதும் சின்னப்பிள்ளை ஆகிவிட்டாள். முதுகில் தண்ணீர் அடிக்க அடிக்க, "மைனி, முட்டு வலி எங்கன போச்சுன்னே தெரியலியே!" என்று கத்தினாள். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். வழுக்கி உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்கப் பார்த்தால் முடியவில்லை. அதற்கும் சிரிப்பு. நான் கையைக் கொடுத்து இழுத்தேன், மறுபடி வழுக்கி என்னையும் இழுத்துப் போட்டாள். பக்கத்தில் இருந்த பெண்களும் சிரித்தார்கள். நாலு பேர் சேர்ந்து அவளைத் தூக்கிவிட்டார்கள். குளித்து முடித்து மங்குஸ்தான் பழம் வாங்கிக்கொண்டு, தலை ஈரத்தோடு ராயகிரிக்குப் பஸ் ஏறினாள். இவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததே இல்லை என்று அன்றைக்கு வீட்டில் சொன்னேன்.

சில நாள் கழித்து, கடையில் என்னோடு வேலை பார்க்கும் பெண் சாப்பிடும் நேரத்தில் போனைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "அக்கா, இதப் பாருங்களேன்" என்று என் முகத்துக்கு நேரே நீட்டினாள். நானும் சிரிக்கத் தயாராகத்தான் பார்த்தேன்.

அருவி. வெள்ளையாக விழும் தண்ணீருக்குள் ஒரு பெரிய உடம்பு மெதுவாக, மிக மெதுவாக, இரண்டு கையைத் தூக்கிச் சுற்றுகிறது. யானை பிளிறும் சத்தம். மேலே, 'ஐந்தருவியில் காட்டு யானை! ஃபாரஸ்ட் ஆபீசர் எங்க?' என்று எழுத்து. யானை உட்காருகிறது. எழுந்திருக்கப் பார்க்கிறது. மறுபடி உட்காருகிறது. அது உட்காரும் ஒவ்வொரு தடவையும் தரை அதிர்வதுபோலப் படத்தை ஆட்டிவிட்டிருந்தார்கள். ஓரத்திலிருந்து ஒரு கை வருகிறது. மணிக்கட்டுக்கு மேலே ஆள் இல்லை. அந்தக் கையில் என் கண்ணாடி வளையல்கள்.

வாயருகே கொண்டுபோன சோற்றை டப்பாவிலேயே போட்டேன். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், மறுபடி என் கையைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. "அக்கா... உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?" என்றாள். "என் நாத்தனாரு" என்றேன்.

கீழே எழுதியிருந்ததை எல்லாம் அவள் கையிலிருந்தே வாங்கிப் படித்தேன். 'அருவி பாவம்.' 'தண்ணி பத்தாது, டேங்கர் அனுப்புங்க.' 'இவ புருஷன் உயிரோட இருக்கானா?' பெயரும் முகமும் போட்டுத்தான் எழுதியிருக்கிறார்கள். அந்த முகங்களில் பாதி சாமி படம், பாதி பெற்ற பிள்ளையை மடியில் வைத்திருக்கும் படம். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதியிருப்பார்களா என்று தோன்றியது. எச்சில் கையைக் கூடக் கழுவாமல் நான் படித்துக்கொண்டே இருந்தேன்.

நாங்கள் குளித்தது ஆண்கள் வர முடியாத பக்கம். எடுத்தவள் பெண்தான். அதை யோசித்ததும்தான் கழுத்தில் தொங்கிய போனும் என் துண்டும் ஞாபகத்துக்கு வந்தன. அதைப் போட்டிருந்த பேஜில் இருந்த மற்ற வீடியோக்களைத் திறந்து பார்த்தோம். புரோட்டாக் கடைக்கு முன்னால் நின்று பேசுகிறாள், துணிக்கடைக்கு முன்னால் நின்று பேசுகிறாள். அதே பெண். "இவ நம்ம கடைக்கு வருவாளே அக்கா. கைக்குழந்தைக்கு டயாப்பர் வாங்குவா. பக்கத்துத் தெருதான்" என்றாள் உடன் வேலை பார்ப்பவள்.

என் போனில் அந்த வீடியோவைத் தேடி எடுத்துப் புகார் கொடுத்தேன். ஆப்பில் அதற்கு ஒரு வழி இருக்கிறது. என்ன காரணம் என்று கேட்டது. வரிசையாக எழுதியிருந்த எதிலும் என் காரணம் இல்லை. 'இது எனக்குப் பிடிக்கவில்லை' என்று ஒன்று இருந்தது, அதையே அமுக்கினேன். மறுநாள் பதில் வந்தது. பார்த்துவிட்டோம், எங்கள் விதிகளை இது மீறவில்லை, அக்கறைக்கு நன்றி என்று எழுதி, ஒரு பூவும் போட்டிருந்தது.

அதைவிடக் கேவலம் அதற்குப் பிறகு நடந்தது. இன்னும் இருக்கிறதா, எடுத்துவிட்டார்களா என்று நான் அதைத் திறந்து திறந்து பார்த்தேன் அல்லவா? இவளுக்கு இதுதான் பிடிக்கிறது என்று அந்த ஆப் முடிவு செய்துவிட்டது. கோலமும் சொதியும் வந்த இடத்தில் வரிசையாக ஆட்கள் விழத் தொடங்கினார்கள். கல்யாண மேடையில் பருத்த மணப்பெண் தடுக்கி விழுகிறாள். கிழவர் சைக்கிளோடு சாக்கடைக்குள் போகிறார். ஒரு பெண் பஸ் படியில் மாட்டிக்கொள்கிறாள், பின்னால் ஆட்டுக்குட்டி கத்தும் சத்தம். தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தார்கள். யாரோ என் வீட்டு வாசலில் தினமும் எச்சில் இலையைக் கொட்டிவிட்டு, நீ கேட்டதுதானே என்று சொல்லிவிட்டுப் போவதுபோல இருந்தது.

ஒருநாள் சாயங்காலம் வீடியோ எடுத்த அந்தப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். டயாப்பர் பொட்டலத்தை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டேன். "ஐந்தருவில நான் துண்டு குடுத்தேன், ஞாபகம் இருக்கா?"

என்னை உற்றுப் பார்த்தாள். "ஐயோ அக்கா, நீங்களா? ஆமா!" முகம் மலர்ந்துவிட்டது. "அந்த ஆன்ட்டி உங்களுக்குச் சொந்தமா? அந்த வீடியோ எங்கயோ போயிருச்சுக்கா. என் பேஜ்ல இதுவரைக்கும் எதுவுமே அப்படிப் போனதில்ல."

"அத எடுத்துரு."

"எதுக்குக்கா? ஆளு யாருன்னே தெரியாதுல்லா. மூஞ்சி பூரா தண்ணிதான்."

"எனக்குத் தெரிஞ்சிச்சே. அவ ஊர்ல எல்லாருக்கும் தெரியும். குளிச்சிட்டிருந்தவள எடுத்துப் போட்டுருக்கியே, உன்னை அப்படி எடுத்தா?"

"காமெடிக்குத்தானக்கா. அசிங்கமா ஒண்ணும் காட்டலியே" என்றாள். உண்மையாகவே அவளுக்குப் புரியவில்லை. கெட்டவள்போலப் பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். குழந்தையின் மூக்கைத் துடைத்துக்கொண்டே, வீட்டுக்குப் போனதும் எடுத்துவிடுகிறேன் என்றாள். கடை முதலாளி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, வாடிக்கைக்காரர்களிடம் என்ன பேச்சு என்று என்னைத்தான் கடிந்துகொண்டார். அவள் எடுக்கவில்லை. எடுக்காததோடு, 'பாகம் இரண்டு வேணுமா?' என்று ஒரு கேள்வியும் போட்டிருந்தாள்.

அதற்குள் ராயகிரியில் தெரிந்துவிட்டது. நாத்தனார் மகன் காலேஜில் படிக்கிறான். அவனுடைய சிநேகிதர்கள் யாருடைய அம்மா என்று தெரியாமலே அவனுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவள் எனக்குப் போன் செய்தபோது குரலில் அழுகை இல்லை. எடுத்தவள் எங்கள் கடைக்கு வருகிறவள்தான் என்று சொன்னேன். "மைனி, நாளைக்கு வாரேன். அந்தப் பிள்ளைய எனக்குக் காட்டு" என்றாள், அவ்வளவுதான்.

வந்தாள். வழக்கமாக வரும்போதே வாசலில் இருந்து பேசிக்கொண்டு வருகிறவள், அன்றைக்குக் கடைப்படியில் ஓரமாக நின்றாள். தெருவில் போகிறவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள் என்பதை நான் கவனித்தேன். உடன் வேலை பார்ப்பவள் போய் அந்தப் பெண்ணைக் குழந்தையோடு கூட்டி வந்தாள்.

நாத்தனார் சண்டை போடுவாள் என்று நினைத்திருந்தேன். அவள் தணிந்த குரலில்தான் கேட்டாள். "ஏ தாயி, நான் உனக்கு என்ன செஞ்சேன்? முட்டு வலியோட வந்து ரெண்டு நிமிசம் தண்ணில நின்னேன். அது உனக்குப் பொறுக்கலியா?"

அந்தப் பெண்ணின் கண் உடனே நிறைந்துவிட்டது. "ஸாரி ஆன்ட்டி" என்றாள். கையிலிருந்த போனை மேஜையில் இருமல் மிட்டாய் ஜாடியில் சாய்த்து வைத்துவிட்டு நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் பண்ணுனது தப்புதான். உங்கள இவ்வளவு பாதிக்கும்னு நெனைக்கல. மனசார மன்னிப்பு கேக்குதேன். எல்லாரும் இதுல இருந்து ஒரு பாடம் கத்துக்கணும் ஃப்ரெண்ட்ஸ்."

நாத்தனார் திரும்பி என்னைப் பார்த்தாள். "யாருகிட்ட மைனி பேசுதா?"

அப்போதுதான் ஜாடியைப் பார்த்தேன். போனின் கண் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. திரைக்குள் நாங்கள் மூன்று பேரும் நின்றோம். எங்கள் மேல் சிவப்பாக இதயங்கள் குமிழி குமிழியாக ஏறிக்கொண்டிருந்தன.

"என்னது இது?" என்று பாய்ந்தேன்.

"அக்கா, அக்கா, லைவ் போகுது" என்று கையை நீட்டித் தடுத்தாள்.

நாத்தனாருக்கு லைவ் என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் படம் எடுக்கிறாள் என்று புரிந்துவிட்டது. அவள் செய்த முதல் காரியம், முந்தானையை இழுத்துத் தோளை மூடி, வயிற்றைச் சுற்றிச் செருகிக்கொண்டது. நாற்பது பேரை வயலில் வைத்து வேலை வாங்குகிறவள். அப்படிக் கூனிக் குறுகி நின்றவளை நான் பார்க்க வேண்டியிருந்தது. போனுக்கும் அவளுக்கும் நடுவே போய் நின்றேன்.

"அத அணைச்சிட்டுப் பேசு" என்றாள் நாத்தனார்.

போனை நானே எடுத்துக் கவிழ்த்தேன். அந்தப் பெண் பிடுங்கி அணைத்தாள். அணைத்ததும் அவள் கண்ணீரும் நின்றுவிட்டது. "சமாதானம் ஆயிட்டோம்னு காட்டுனாத்தான் கமெண்ட்ல உங்கள ஓட்டுறத நிறுத்துவாங்க. நல்லதுக்குத்தான செஞ்சேன்" என்று முணுமுணுத்தாள். எங்கள் முன்னாலேயே அருவி வீடியோவை அழிக்கச் சொன்னேன். அழித்தாள். அழித்த இடத்தைக் காட்டினாள். பிறகு, "வேற பேஜ்ல எல்லாம் எடுத்துப் போட்டுட்டாங்க, அதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். போகும்போது குழந்தை எங்களைப் பார்த்துக் கையை ஆட்டியது. நாத்தனாரும் பழக்கத்தில் கையை ஆட்டினாள்.

பஸ் ஸ்டாண்டு வரை அவளோடு நடந்தேன். இவளைச் சும்மா விடக் கூடாது, போலீசில் எழுதிக் கொடுப்போம் என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அங்கேயும் போய் அந்த வீடியோவைப் போட்டுக் காட்ட வேண்டும், அவர்களும் பார்ப்பார்கள் என்றாள். நியாயம்தான் என்று பட்டது. புளியங்குடி வழியாகப் போகிற பஸ் வந்து நின்றது. ஏறுவதற்கு முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"மைனி, அண்ணனும் சிரிச்சிருக்காவ."

"எந்த அண்ணன்?"

"எங்கண்ணன்தான். கீழ மஞ்ச மூஞ்சி சிரிக்குமே, கண்ணுல தண்ணி வர, அதப் போட்டிருந்தாவ. பேரு இருந்துச்சு. உங்க மக கல்யாணத்துல கோட்டு போட்டு எடுத்த போட்டோவும் இருந்துச்சு. மவன்தான் காட்டுனான்." நான் வாயைத் திறப்பதற்குள், "நீ ஒண்ணும் கேக்காத. நான் சொன்னேன்னு சண்டை போடாத" என்று சொல்லிவிட்டுப் படியேறினாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினாள். பின்னால் நின்றவர்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஏறினாள்.

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். சாயங்கால டிரிப் முடிந்து வந்து, காப்பி டம்ளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாற்காலியில் போனோடு உட்கார்ந்திருந்தார். கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை. வேறு ஏதோ பேஜில் கிடந்த அந்த வீடியோவை என் போனில் எடுத்து நீட்டினேன்.

"இத நீங்க பாத்தியளா?"

பார்த்ததும் சிரித்துவிட்டார். "ஆமா, முன்னமே பாத்தனே. அந்த யானச் சத்தத்த எங்கன புடிச்சானுவளோ."

"நல்லாப் பாருங்க. யாரு அது?"

மறுபடி பார்த்தார். கை வந்தது. வளையலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். டம்ளரை எடுத்துவிட்டுக் குடிக்காமல் கீழே வைத்தார்.

"நம்ம தங்கச்சியா?"

"நீங்க சிரிச்சதயும் பாத்துட்டா."

"எனக்கு எப்படித் தெரியும்ளா? மூஞ்சியே தெரியலியே. யாரோ ஒரு பொம்பளன்னு நெனச்சேன்."

"யாரோ ஒரு பொம்பளன்னா சரியா?"

அவர் என் போனைத் தள்ளிவிட்டார். ஒரு நாளைக்கு எத்தனையோ வருது, எதையாவது அமுக்கிட்டுப் போறதுதான் என்றார். தங்கையைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவர் என்று அவர்கள் அம்மா சொல்லி நான் கேட்டிருக்கிறேன். அவள் உடம்பு அசைகிற விதம்கூட அவருக்குத் தெரியாமல் போய்விட்டது. யானைச் சத்தத்தை வைத்து, மெதுவாக்கி, ஆட்டிக் காட்டினால் சொந்தத் தங்கையே யாரோ ஒருத்தி ஆகிவிடுகிறாள். நான் அந்த மனிதரோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். அன்றைக்கு அவர் பக்கத்தில் உட்கார எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலையில் அவர் தங்கைக்குப் போன் செய்தார். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மழை எப்படி, கால்வாயில் தண்ணீர் வருகிறதா, நடவு முடிந்ததா என்று கேட்டார். அவளும் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள் போலிருக்கிறது. முட்டு வலி எப்படி இருக்கிறது என்று கேட்கும்போது மட்டும் குரல் உடைந்தது. அந்த வீடியோவைப் பற்றி அவரும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. "சரி, வையி" என்று வைத்துவிட்டார்.

நான் அந்த ஆப்பை அழித்துவிட்டேன். கடைக்கு அந்தப் பெண் இப்போது வருவதில்லை, மாமியாரை அனுப்புகிறாள். நாத்தனார் நன்றாகத்தான் இருக்கிறாள். போனில் பேசினால் சிரிக்கிறாள், ஆனால் வெளியூரில் ஒரு கல்யாணம் காட்சி என்று கூப்பிட்டால் வயலைச் சாக்கு சொல்கிறாள்.

என் வீட்டுக்காரர் போனில் அந்த ஆப் அப்படியே இருக்கிறது. நான் பக்கத்தில் இருந்தால் சத்தத்தைக் குறைத்துக்கொள்கிறார். சில சமயம் அடுத்த அறையிலிருந்து அவர் சிரிப்பது கேட்கும். எதைப் பார்த்து என்று நான் கேட்பதில்லை.